காட்டில் செத்துக் கிடந்த சிம்பன்ஸி

1996-ம் ஆண்டின் தொடக்கம். மத்திய ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டின் மயிபூ கிராமம். காட்டில் செத்துக் கிடந்த ஒரு சிம்பன்ஸியை எடுத்து வந்து, தோலை உரித்து, வெட்டிச் சமைத்தார்கள். சில நாட்களில் கடும் காய்ச்சல், வாந்தி, ரத்தபேதி. 'எபோலா' வைரஸ்! மொத்தம் 21 பேர் இறந்துபோனார்கள்.

"நல்லா வேகவெச்சுட்டா கிருமி செத்துடுமே டாக்டர்?" என்று கேட்பீர்கள். வாஸ்தவம்தான். கொதிக்கிற குழம்பில் எபோலா பிழைக்காது. ஆனால், கறி அடுப்புக்கு வருவதற்கு முன்னாடியே காரியம் முடிந்துவிடுகிறதே! மயிபூவில் முதலில் படுக்கையில் விழுந்தவர்கள், உரித்து வெட்டி ரத்தத்தில் கை நனைத்தவர்கள்தான். விரலில் ஒரு சின்னக் கீறல் போதும். அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்கினாலும் போச்சு! அப்புறம் அவர்களைக் கவனித்துக்கொண்ட வீட்டாருக்கும் தொற்றியது. பாவம், வாந்தியைத் துடைத்துவிடாமல் இருக்க முடியுமா?

வேட்டையாடிய மிருகத்தைவிட, தானாகச் செத்துக் கிடப்பதுதான் எனக்குப் பயம். சிம்பன்ஸி, கொரில்லாவையும் எபோலா கொன்றுவிடும். அதைத் தொடவே கூடாது.

அதே வருஷம் அதே நாட்டில், பூவே என்ற ஊர்ப்பக்கம் மறுபடியும் எபோலா. முதல் நோயாளி, காட்டு முகாமில் தங்கியிருந்த ஒரு வேட்டைக்காரர். அந்தச் சமயத்திலும் காட்டில் ஒரு சிம்பன்ஸி செத்துக் கிடந்தது. சோதித்துப் பார்த்தார்கள். அதன் உடம்பிலும் எபோலா!