அடிபட்ட சரக்கு வண்டியைத் திரும்பக் கட்டும்போது

சரக்கு வண்டி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் கடைக்கு இரட்டை நஷ்டம். வாடகை வண்டிக்குக் கொடுக்கும் பணம் ஒன்று. நேரத்துக்குச் சரக்கு வராததால் வேறு கடைக்குப் போய்விடும் வாடிக்கையாளர் மற்றொன்று. அதனால்தான் அடிபட்ட வண்டியை அவசர அவசரமாகத் தட்டி நிமிர்த்தி எடுத்து வந்துவிடுகிறோம். ஆறே மாதத்தில் அதே வண்டி மறுபடி பட்டறைக்குப் போகிறது. பிரித்துப் போட்ட வேளையில், எதை மாற்றுவது, எதை மேம்படுத்துவது, எதற்கு அழகு பார்ப்பது என்று முதலிலேயே திட்டமிட்டால் ஒரே கூலியில் பல வேலை முடியும்.

ரமணாசிரமம் பகுதிக் கடைகளுக்குச் செங்கம் சாலைதான் வழி. அதுவே கிரிவலப் பாதை. பௌர்ணமி என்றால் வண்டிகளைத் திருப்பி விடுவார்கள்; முந்தின நாளே சரக்கை இறக்கியாக வேண்டும். மற்ற நாட்களிலும் நடந்து வருகிற பக்தர்களுக்கு நடுவே ஊர்ந்துதான் போக வேண்டும். ஆகவே நமக்கு வண்டியின் திறன் என்பது வேகம் அல்ல. நல்ல பிரேக், சறுக்காத கிளட்ச், பாரத்தோடு ஒரு பக்கம் இழுக்காத ஸ்டியரிங், இவைதான் திறன்.

முதலில் சேஸிஸைப் பாருங்கள். அது கோணியிருந்தால் மேலே எத்தனை செலவு செய்தாலும் டயர் ஒரு பக்கமாகத் தேயும். அதை அளந்து நேராக்கிய பிறகே பட்டை, ஷாக் அப்சர்பர், பிரேக், ஸ்டியரிங் வேலை. கியர் பாக்ஸை இறக்கும் வேலை வந்தால் தேய்ந்த கிளட்ச் பிளேட்டையும் அப்போதே மாற்றிவிடுங்கள். இறக்கி ஏற்றும் கூலி ஒருமுறைதான். லோடு பாடியைக் கழற்றியிருக்கும்போது அடிப்பகுதிக்குத் துரு தடுப்புப் பூச்சு அடிப்பது சுலபம். மாட்டிய பிறகு கை நுழையாது. உப்பு மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பெயிண்டு எல்லாவற்றுக்கும் கடைசி.

2024 டிசம்பர் 1-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் நம் மலை சரிந்து ஏழு உயிர்கள் போயின. அதுபோன்ற மழையில் வெள்ளத்தில் நின்ற வண்டியை ஒருபோதும் ஸ்டார்ட் செய்யக்கூடாது. தண்ணீர் உள்ளே போன இன்ஜினைச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜினுக்கெனத் தனிப் பாதுகாப்பு எடுத்திராவிட்டால் பொதுவாக இன்சூரன்ஸும் தராது.

இன்சூரன்ஸ் விஷயத்தில் நம்மவர் பலர் படிக்காத இடம் ஒன்று உண்டு. சரக்கு வண்டிப் பாலிசியில் விளக்கு, டயர், மட்கார்டு, பம்பர், பானெட் பக்கப் பகுதி, பெயிண்டு ஆகியவை சாதாரணமாகச் சேராது. ஐ.எம்.டி. 23 என்ற பிரிவுக்குக் கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால்தான் வரும். அதிலும் பாதியை நாமே ஏற்க வேண்டும். மோதலில் முதலில் நொறுங்குவது இவைதானே! பழுதுச் செலவு பாலிசியில் எழுதிய மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டமாகக் கணக்கிடுவார்கள். அந்த அளவுக்கு அருகில் இருக்கும் பழைய வண்டியில் மேம்பாட்டுக்குப் பணம் போடுவது நமக்குச் சரியாகப் படவில்லை. சர்வேயர் பார்க்கும் முன் எதையும் பிரிக்க விடாதீர்கள். மேம்பாட்டு வேலைக்குத் தனி பில் வாங்குங்கள். பழுது பில்லோடு கலந்தால் இரண்டுமே தகராறாகும். சரக்கு வண்டிப் பழுதுக்கு ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி வரவு உண்டு. இணக்க வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்குக் கிடையாது.

இப்போது ஆசைகளுக்கு வருவோம். கூடுதல் பட்டை போட்டால் கூடுதல் பாரம் ஏற்றலாம் என்று பட்டறையில் சொல்வார்கள். பட்டை தாங்கும், பிரேக்கும் அச்சும் தாங்குமா? ஆர்.சி.யில் எழுதிய எடை மாறவே மாறாது. 2005-இல் வந்த குட்டி யானை சுமார் 750 கிலோ ஏற்ற வடிவமைத்தது. 50 கிலோ சர்க்கரை மூட்டை 15 என்று கணக்கு வையுங்கள். அதிகப் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், மேற்கொண்டு ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆகவே லோடு பாடியை நீட்டுவது, உயர்த்துவது வேண்டாம். முன்னால் இரும்புக் கம்பி கட்டுவதை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடுத்துவிட்டது. பல குரல் ஹாரனும் கூடாது. வண்டி நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்றிப் பதிய வேண்டும்.

அழகே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சுத்தமான பெயிண்டும், தெளிவாக எழுதிய கடைப் பெயரும் தெருத்தெருவாகப் போகும் விளம்பரப் பலகை. தார்ப்பாய்க் கொக்கியைச் சரியாக வைத்து, லோடு பாடித் தரைக்கு நல்ல தகடு போட்டால் மூட்டை கிழியாது. சிந்தும் பருப்பு மிச்சம். ஒளி திருப்பும் பட்டை எஃப்.சி.க்கும் தேவை, இரவில் கிரிவலம் வருகிறவர்களுக்கும் தேவை.

வண்டி வந்ததும் முதல் வாரம் பாதிப் பாரம் மட்டும் ஏற்றுங்கள். சக்கர நட்டுகளையும் பட்டை யு-போல்ட்டுகளையும் ஒருமுறை மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். டிரைவரைக் கூட வைத்துக்கொண்டே பாருங்கள். தினமும் ஓட்டுகிறவர் அவர்தான்.