யசோதை கண்ட அதிசயம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

கண்ணன் மண்ணை உண்ட சரித்ரத்தைக் கேளாமல் வளர்ந்த ஸ்ரீவைஷ்ணவக் குழந்தை இராது. எழுத்தறியும் முன்பே பெரியோர் மடியில் அமர்ந்து கேட்ட கதை அது. வயது ஏற ஏற அது நம்முள் இரண்டில் ஒன்றாக மாறிவிடுவதுண்டு. சிலருக்கு 'இப்படியும் நடக்குமோ' என்னும் ஐயமாகிறது. சிலருக்குக் கேட்டுக் கேட்டுப் பழகி, வியப்பே எழாத செய்தியாகிறது. இவ்விரண்டும் தீர, இச்சரித்ரத்தை ஸ்ரீபாகவதத்தையும் பெரியாழ்வாரையும் துணைகொண்டு மீண்டும் அநுபவிப்போம்.

ஐயமும் விச்வாஸமும்

ஸ்ரீபாகவதம் தசம ஸ்கந்தம் 8ஆம் அத்யாயத்தில் இச்சரித்ரம் வருகிறது. பலராமனும் மற்ற ஆயர் சிறுவர்களும் 'கண்ணன் மண்ணைத் தின்றான்' என்று யசோதைப் பிராட்டியிடம் கூறுகிறார்கள். கண்ணனோ, 'நான் உண்ணவில்லை. நம்பாவிடில் என் வாயைப் பார்' என்கிறான். திறந்த வாயினுள்ளே வானமும் திசைகளும் மலைகளும் கடல்களும் தோன்றுகின்றன. ஆய்ப்பாடியும் தோன்றுகிறது. அந்த ஆய்ப்பாடியில் தானும் நிற்பதை அவள் காண்கிறாள்.

உடனே அவள் கைகூப்பிவிடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். இது கனவோ, எம்பெருமானுடைய மாயையோ, தன் புத்தியின் மயக்கமோ, அல்லது இப்பிள்ளைக்கே இயல்பான சக்தியோ என்று ஒவ்வொன்றாக ஆராய்கிறாள். ஆராய்ச்சி எட்டாத இடத்திற்கு வந்தபின்பே சரணம் புகுகிறாள். ஆகையால், 'சின்ன வாய்க்குள் இவ்வளவு பெரிய உலகம் எப்படி அடங்கும்?' என்று நம் குழந்தைகள் கேட்டால் அதை அவிச்வாஸமாகக் கருதி அடக்க வேண்டியதில்லை. அது யசோதையே கேட்ட கேள்வி.

அதற்கு விடை நம் ஸம்ப்ரதாயத்தின் அடிப்படையிலேயே உள்ளது. நாராயணன் என்னும் திருநாமத்திற்கு நம் பூர்வர்கள் இரு வகையாகப் பொருள் காட்டுவர். எல்லாப் பொருள்களுக்கும் இருப்பிடமாயிருப்பவன் என்பது ஒன்று. எல்லாப் பொருள்களையும் தனக்கு இருப்பிடமாக உடையவன் என்பது மற்றொன்று. யசோதையின் எதிரே நிற்கும் பிள்ளையின் திருவாயினுள்ளே யசோதை நிற்கிறாள். வெளியே அவள் மடியில் அவன் வளர்கிறான். வேதாந்தம் சொற்களால் விளக்கும் அப்பொருள் அவளுக்கு ஒரு நொடியில் கண்ணுக்கு விஷயமாயிற்று.

எது பெரிய வியப்பு?

பெரியாழ்வார் திருமொழியின் முதல் பதிகத்தில் இவ்வநுபவம் வேறொரு வகையாக அமைகிறது. அங்கே மண் உண்ட குற்றமும் இல்லை, விசாரணையும் இல்லை. யசோதை குழந்தையின் கைகால்களை நீட்டிவிட்டு நீராட்டுகிறாள். இளமஞ்சள் கொண்டு நாவை வழிப்பதற்காக வாயைத் திறக்கச் செய்கிறாள். அங்கே ஏழுலகும் தோன்றுகிறது. அடுத்த பாசுரத்தில் ஆய்ச்சியர், 'இவன் இடைப்பிள்ளை அல்லன், பெறற்கரிய தெய்வம்' என்று மகிழ்கிறார்கள்.

இத்துடன் பதிகம் நிறைவு பெற்றிருந்தால் இது பரத்வத்தைச் சொல்லும் பதிகம் என்றே நினைத்திருப்போம். ஆனால் ஒன்பதாம் பாசுரத்தில் தாய் முறையிடுகிறாள். தொட்டிலில் கிடத்தினாலும், இடையில் எடுத்தாலும், அணைத்துக்கொண்டாலும் இவன் துள்ளலைத் தாங்க முடியாமல் இளைத்துப்போனேன் என்கிறாள். ஏழுலகைக் கண்டவள் அவனைத் துதித்துக்கொண்டு எட்டி நிற்கவில்லை. மீண்டும் தொட்டிலருகே வந்துவிட்டாள்.

உலகம் அவன் வாயில் அடங்கியது வியப்பு அன்று. ப்ரளயத்தில் ஏழுலகையும் உண்டு ஆலிலையில் கண்வளர்ந்தவனுக்கு அது இயல்பே. அவ்வளவு பெரியவன், ஓர் ஆய்ச்சி நாவை வழிக்க வாயைத் திறந்து கொடுத்தானே, அதுவே வியப்பு. பரத்வத்தைத் திருவாய்மொழியின் முதல் பதிகத்தில் தெளிவாக அருளிச்செய்த நம்மாழ்வார், வெண்ணெய் களவில் உரலோடு கட்டுண்ட எளிமையை நினைத்த அளவில் ஆறு மாதம் மோஹித்துக் கிடந்தார் என்று நம் பெரியோர் பணிப்பர்.

வியப்புக்குப் பின்

வியப்பைக் கண்டபின் என்ன செய்கிறோம் என்பதில்தான் விச்வாஸத்தின் தன்மை தெரிகிறது. ஸ்ரீகீதை 11ஆம் அத்யாயத்தில் விச்வரூபத்தைக் கண்ட அர்ஜுநன் நடுங்கினான். 'தோழனே என்று அழைத்தேனே' என்று பொறுக்க வேண்டி, பழைய வடிவையே காட்டும்படி ப்ரார்த்தித்தான். யசோதையோ அந்த க்ஷணமே கண்டதை மறந்து பிள்ளையை மடியில் எடுத்துக்கொண்டாள். எம்பெருமான் தன் மாயையால் புத்ர ஸ்நேஹத்தை அவளிடம் பெருகச் செய்தான் என்கிறது ஸ்ரீபாகவதம். அம்மறதி அவளுக்கு இழவன்று, பேறு. நடுக்கம் நீடித்திருந்தால் அடுத்த வேளை அவனுக்குப் பால் கொடுப்பவர் யார்?

பெரியாழ்வாரும் இந்நிலையினரே. மதுரையில் பிராட்டியோடு கருடாரூடனாய் எம்பெருமான் காட்சி தந்தபோது, வரம் ஒன்றும் கேளாமல், அவனுக்குத் தீங்கு வருமோ என்று அஞ்சிப் பல்லாண்டு பாடினார். காக்கின்றவனுக்கே காப்பிட்டார். அப்பொங்கும் பரிவினாலேயே யசோதையின் பாவத்தை அவரால் இயல்பாக ஏற்க முடிந்தது.

நாம் கொள்ள வேண்டியது

அதிசயம் ஒன்றைக் கண்டால் நம் விச்வாஸம் உறுதிப்படும் என்று நாம் எண்ணுகிறோம். ஏழுலகைக் கண்ட யசோதைக்கே அக்காட்சி நிலைத்திருக்கவில்லை. அவளிடம் நிலைத்தது நீராட்டுவதும் ஊட்டுவதும் உறங்கச் செய்வதுமான அன்றாடத் தொண்டே.

அத்தொண்டு நமக்கும் வாய்த்திருக்கிறது. எத்தேசத்தில் வாழ்ந்தாலும், சிறிய வீட்டில் ஓர் அலமாரித் தட்டே கோயிலாழ்வார் ஆனாலும், அங்கே உள்ள ஸாளக்ராம மூர்த்தி உள்ளங்கையில் அடங்குகிறார். நாம் திருமஞ்சனம் செய்யும்வரை காத்திருக்கிறார். நாம் கண்டருளப்பண்ணும் சிறிதளவு அன்னத்தை ஏற்கிறார். 'இது அவனை எட்டியதோ' என்று மனம் கேட்கும் நாளில், ஏழுலகையும் உள்ளே வைத்துக்கொண்டு மஞ்சள் தடவிய ஒரு விரலுக்கு வாய் திறந்தவனை நினைப்போம். 'இவன் காப்பான்' என்னும் மஹாவிச்வாஸம் சரணாகதிக்கு அங்கம். அன்று ஆய்ப்பாடியில் எளியவனாய் நின்றவனே இன்று அர்ச்சையாய் நம் கைக்கு எட்டியிருக்கிறான் என்னும் தெளிவு அதற்கு வலிவூட்டும்.

ஆகவே இக்கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லும்போது வாயினுள் தெரிந்த உலகத்தோடு நிறுத்திவிட வேண்டாம். யசோதை அவனை மீண்டும் மடியில் எடுத்துக்கொண்டாள் என்பதையும் சேர்த்துச் சொல்வோம். சொல்லிவிட்டு, மறுநாள் காலை திருவாராதனத்திற்குத் துளஸி பறிக்க அவர்களையும் உடன் அழைத்துச் செல்வோம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.