எத்தனை பாதம் தொட விடுவார்கள்?

பாதத்தில் அழுத்தம் கொடுக்கும் ரிஃப்ளெக்ஸாலஜியைச் சொல்லிக்கொடுக்கும் இடத்துக்கு விசாரிக்கப் போனால், முதலில் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ்களைக் காட்டுவார்கள், அடுத்து ஃபீஸ் சொல்வார்கள். இரண்டையும் கேட்டுக்கொண்டு, நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள்: கோர்ஸ் முடிவதற்குள் எத்தனை பேர் பாதத்தில் நான் வேலை செய்வேன்? அப்போது பக்கத்தில் நின்று கையைத் திருத்தப்போவது யார்? இதற்குத் தெளிவான பதில் வராத இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.

இது கைத்தொழில். கட்டைவிரலைக் கம்பளிப்பூச்சி ஊர்வதுபோல் மடக்கி நீட்டி, பாதத்தின் மேல் சிறிது சிறிதாக நகர்த்துவதுதான் அடிப்படைப் பாடம். வீடியோவில் பார்த்தால் சட்டென்று புரிந்துவிடும், கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். எழுபது வயதுப் பாட்டியின் மெல்லிய தோலுக்கு ஓர் அழுத்தம், நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் செக்யூரிட்டியின் தடித்த குதிகாலுக்கு வேறோர் அழுத்தம். இந்த வித்தியாசம் விதவிதமான கால்களைத் தொட்டால்தான் பிடிபடும். கூடப் படிப்பவர்களின் கால்களிலேயே பழகி முடித்துவிடும் கோர்ஸ் பாதிக் கோர்ஸ். வார இறுதி இரண்டு நாளில் டிப்ளமோ என்பவர்களையும், முழுக்க ஆன்லைன் என்பவர்களையும் நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டுமென்றால் பிரிட்டனைப் பாருங்கள். அங்கும் ரிஃப்ளெக்ஸாலஜி செய்பவர் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் 1984 முதல் இத்தொழிலுக்கென ஒரு சங்கம் இருக்கிறது. 2008-இல் துணை மருத்துவ முறைகளுக்கான தன்னார்வப் பதிவேடு ஒன்றும் தொடங்கப்பட்டது. லெவல் 3 டிப்ளமோ என்பது அங்கே தொழிலில் நுழைவதற்கான படி. ஒரே ஆளுக்குப் பல அமர்வுகள் தொடர்ந்து செய்து, ஒவ்வொரு முறையும் என்ன செய்தோம், அவர் என்ன சொன்னார் என்று குறிப்பெழுதிக் கொடுப்பது பயிற்சியின் முக்கியப் பகுதி. உங்கள் ஊர் கோர்ஸில் இப்படி ஒரு நோட்டு உண்டா என்று கேளுங்கள். லண்டனில் இருக்கும் அக்காவோ அண்ணனோ வரச் சொல்லி, அங்கே போய்த் தொழில் செய்யும் எண்ணம் இருந்தால், இங்கே வாங்கும் சான்றிதழை அங்குள்ள சங்கமும் காப்பீட்டு நிறுவனமும் ஏற்குமா என்று சேரும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

இந்தியாவில் ரிஃப்ளெக்ஸாலஜிக்கென்று சட்டப்பூர்வமான கவுன்சில் கிடையாது. அதனால் ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்று நோட்டீஸில் போட்டிருந்தால், எந்தத் துறை, எந்தப் பாடத்துக்கு என்று கேட்க வேண்டும். அறக்கட்டளையாகவோ சிறு நிறுவனமாகவோ பதிவு செய்த எண்ணையே அங்கீகாரம் என்று காட்டுபவர்கள் உண்டு. அழகு, ஆரோக்கியத் துறைக்கான திறன் கவுன்சிலின் ஸ்பா தெரபிஸ்ட் பயிற்சி தேசியத் தகுதிக் கட்டமைப்பில் வருவது. ஹோட்டல், ரிசார்ட் வேலைதான் குறி என்றால் ரிஃப்ளெக்ஸாலஜியை மட்டும் படிப்பதைவிட அந்த ஸ்பா பயிற்சியை முடித்துவிட்டு ரிஃப்ளெக்ஸாலஜியைச் சேர்த்துக்கொள்வது நல்லது. நோய்க்குச் சிகிச்சை தர வேண்டும் என்பதே ஆசை என்றால் வழி வேறு. இயற்கை மருத்துவம், யோகாவுக்கான பி.என்.ஒய்.எஸ். பட்டப்படிப்பு, பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டு. சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது.

ரிஃப்ளெக்ஸாலஜி நோய்க்குச் சிகிச்சை அல்ல என்ற இந்த எல்லையைப் பயிற்சி நிலையம் நேர்மையாகச் சொல்கிறதா என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. உடலைப் பத்து மண்டலங்களாகப் பிரித்துப் பார்த்தவர் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர். யூனிஸ் இங்கம் என்ற அம்மையார் 1930-களில் அதைப் பாதத்துக்குக் கொண்டுவந்து வரைபடமாக்கினார். கல்லீரல் இங்கே, சிறுநீரகம் அங்கே என்று வகுப்பில் நீங்கள் மனப்பாடம் செய்யப்போவது அந்த மரபில் வந்த படத்தைத்தான். உடற்கூறியல் புத்தகத்தில் அந்தத் தொடர்புகள் இல்லை. மாற்று மருத்துவ ஆய்வாளர் எட்ஸார்ட் எர்ன்ஸ்ட் 2009-இல் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, எந்த நோயையும் இது குணப்படுத்துகிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்று எழுதினார். கால் அசதி தீர்வதும் உடல் தளர்ந்து மனம் லேசாவதும் வாடிக்கையாளர்கள் அனுபவத்தில் சொல்வது. அந்த நிம்மதிக்காகக் காசு கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள், அதை நன்றாகச் செய்வது மரியாதையான தொழில். பாதத்தை அழுத்தியே நோயைக் கண்டுபிடிக்கலாம், சர்க்கரையை விரட்டலாம், பெயருக்கு முன் டாக்டர் போட்டுக்கொள்ளலாம் என்று ஆசை காட்டும் இடம் உங்களைச் சிக்கலில் மாட்டிவிடும். நீரிழிவு, புற்றுநோய், பக்கவாதம் போன்றவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டு மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. வாட்ஸ்அப்பில் போடும் போஸ்டரும் விளம்பரம்தான்.

எதைத் தொடக்கூடாது என்று சொல்லித்தருகிறார்களா என்பதையும் பாருங்கள். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. உங்களிடம் கால் நீட்டுபவர்களில் சர்க்கரைக்காரர்கள் கட்டாயம் இருப்பார்கள். அவர்களில் சிலருக்குப் பாதம் மரத்திருக்கும். நீங்கள் அளவுக்கு மீறி அழுத்தினாலும் தெரியாது, நகம் பட்டுக் கீறினாலும் தெரியாது. அந்தச் சின்னக் கீறல் புண்ணாகி, புரையோடி, விரலை எடுக்கும் நிலைவரை போகக்கூடும். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்து உணர்ச்சி இருக்கிறதா என்று மருத்துவமனைகளில் பார்ப்பார்கள். அதைப் பற்றி ஒரு வகுப்பாவது நடக்க வேண்டும். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலிக்கிறது என்றால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், கை வைக்காமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். கர்ப்பிணிகள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், சேற்றுப்புண், பூஞ்சை என்று ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்று எழுத்தில் பாடம் இருக்கிறதா என்று பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள்.

உங்கள் உடம்பையும் மறக்காதீர்கள். கட்டைவிரல் மூட்டும் மணிக்கட்டும்தான் இத்தொழிலில் முதலில் தேய்பவை. எந்த உயரத்தில் உட்கார்வது, கட்டைவிரலுக்குப் பதில் எப்போது விரல் முட்டியைப் பயன்படுத்துவது, ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் எவ்வளவு ஓய்வு என்று சொல்லித்தராத ஆசிரியர் நல்ல தெரபிஸ்டாக இருக்கலாம், நல்ல ஆசிரியர் இல்லை.

வேலை வாங்கித் தருகிறோம் என்றால், எந்த ஸ்பா, நியமனக் கடிதம் தருவார்களா, சம்பளமா கமிஷனா என்று கேளுங்கள். பெண்கள் சேர்வதாக இருந்தால் அந்த இடத்தை நேரில் பார்த்துவிடுவதும், முன்பு அங்கே வேலைக்குப் போன மாணவியிடம் தனியாகப் பேசுவதும் அவசியம். அப்படிப் பேச ஒருவரைக்கூடக் காட்ட முடியாத நிலையத்தின் பிளேஸ்மென்ட் பேச்சை நம்ப வேண்டாம். ஃபீஸைத் தவணையாகக் கட்டக் கேளுங்கள், ரசீது வாங்குங்கள், நடுவில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுதி வாங்குங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒருநாள் அந்த நிலையத்தின் மாணவரிடமே காசு கொடுத்துக் கால் நீட்டி உட்காருங்கள். சர்க்கரை உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், காலில் எப்போதாவது அடிபட்டதா என்று கேட்டுவிட்டுத் தொடுகிறாரா, பாதத்தைத் திருப்பி விரலிடுக்கைப் பார்க்கிறாரா, கை கழுவினாரா என்று கவனியுங்கள். எதையும் கேட்காமல் எண்ணெயை ஊற்றினால் வேறு இடம் தேடலாம்.