மடங்கும் படிக்கட்டு

கேள்வி: நண்பர்களுக்காக ஒரு ரோல்பிளே விளையாட்டு நடத்துகிறேன். மத்திய கால ஐரோப்பாவைப் போன்ற ஒரு கற்பனை உலகம். அடுத்த சவால் ஒரு பிரபுவின் கோட்டை. திருடர்கள் பாதிப் படி ஏறியதும் எல்லாப் படிகளும் ஒரேயடியாக மடங்கிச் சறுக்குப்பாதையாகி அவர்களைக் கீழே தள்ள வேண்டும். மந்திரம் கிடையாது, மரம், இரும்பு, கயிறு, கல் மட்டும்தான். குழுவில் ஒரு மெக்கானிக்கல் இன்ஜினீயர் இருக்கிறார், கதை விட்டால் பிடித்துவிடுவார். அந்தக் காலத்தில் இப்படி ஏதாவது இருந்ததா? எப்படி இயங்கியிருக்கும்?

— வாசகர், கோவை

பதில்: உங்கள் இன்ஜினீயர் நண்பரை நினைத்தே எழுதுகிறேன்.

கோட்டைக்காரர்கள் படிக்கட்டில் இவ்வளவு வேலை செய்ததில்லை. அயர்லாந்து, ஸ்காட்லாந்து கோபுர வீடுகளில் சில படிகள் உயரம் மாறி இருக்கும். பழகாதவன் இருட்டில் தடுக்கி விழுவான் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். கொத்தனார் கணக்குத் தப்பியதாகவும் இருக்கலாம். எந்திரப் பொறி என்று தேடினால் வாசலுக்குத்தான் போக வேண்டும். நடு அச்சில் சுழலும் பாலங்கள் அங்கே இருந்தன. உள்பக்க முனையில் எடை இருக்கும். தாழை எடுத்தால் அந்த முனை குழிக்குள் இறங்கும், வெளிமுனை மேலே எழும்.

உங்கள் கதைக்கு இன்னும் நெருங்கிய உறவு வடக்கு பிரான்ஸில் இருந்த எதான் (Hesdin) கோட்டை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆர்த்துவா பிரபு இரண்டாம் ராபர்ட் அங்கே விளையாட்டு எந்திரங்களை வைத்தார். 1433இல் பர்கண்டி கோமகன் பிலிப் அவற்றைச் சீர்செய்யக் கொலார் என்ற ஓவியருக்குப் பணம் கொடுத்த கணக்கு மிஞ்சியிருக்கிறது. விருந்தாளி மேல் தண்ணீர் பீய்ச்சுவது, மாவைக் கொட்டுவது, ஆளைத் தண்ணீருக்குள் தள்ளும் பாலம், கால் வைத்ததும் இறகு அடைத்த மூட்டைக்குள் விழவைக்கும் இடம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. எதிரியை அல்ல, விருந்தாளியை விழவைத்துச் சிரிக்கத்தான் இத்தனை தச்சு வேலையும்! பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை 1553இல் அந்த ஊரையே அழித்துவிட்டது. உங்கள் பிரபுவும் இப்படியொரு குறும்புக்காரராக இருந்தால் கதை நம்பும்படி இருக்கும்.

இனி அமைப்பு. சுழல் கல்படி வேண்டாம். மடங்கும் பலகை இறங்க அடியில் வெற்றிடம் தேவை. நேராக ஏறும் ஓக் மரப்படி 12 வையுங்கள். படியின் உயரம் 18 செ.மீ., ஆழம் 28 செ.மீ. பலகையின் பின்விளிம்பில் கீல். முன்விளிம்பு விழ வேண்டும். அகலம் 36 செ.மீ. இருக்கட்டும், முன்பக்கம் 8 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். விழுந்ததும் மேல்பலகையின் மூக்கு கீழ்ப்பலகையின் தலையில் ஓட்டுக்கூரை போலப் படியும், சறுக்குபவரின் கால் எங்கும் மாட்டாது. கீலை முன்விளிம்பில் வைத்தால் ஆட்களின் எடைக்கு எதிராகப் பலகையை மேலே தூக்க வேண்டிவரும். பலரும் வரைவது அப்படித்தான்.

இப்படி உருவாகும் சரிவு ஏறத்தாழ 33 பாகை. சொரசொரப்பான கல்லில் ஆள் நின்றுவிடக்கூடும். கொழுப்பு தடவிய மரத்தில் நிற்க முடியாது. உராய்வுக் கெழு 0.3 என்று கொண்டால், உச்சியிலிருந்து 4 மீட்டர் சறுக்கி அடியை அடைய 2 விநாடி கூட ஆகாது. வேகம் மணிக்கு 17 கி.மீ. சொச்சம். கணுக்கால் பிசகும், மானம் போகும். உயிர் போக வாய்ப்புக் குறைவு.

பன்னிரண்டு பலகையையும் ஒரே நேரத்தில் விடுவது எப்படி? பக்கச் சுவரின் பள்ளத்தில் படியின் சரிவோடு சரிவாக ஒரு நீளச் சட்டம். அதில் ஒவ்வொரு பலகையின் முனைக்கும் ஒரு பல். பலகையிலிருந்து நீளும் இரும்பு முளை அந்தப் பல்லின்மேல் உட்காரும். சட்டம் ஒரு சாண் கீழே நழுவினால் எல்லா முளைகளும் ஒன்றாகப் பிடி இழக்கும்.

சிக்கல் உராய்வில் இருக்கிறது. ஆறு பேர் ஏறி நின்றால் பற்கள் தாங்குவது, பலகையின் எடையும் சேர்த்து, 250 கிலோவை நெருங்கும். உலர்ந்த மரம் என்றால் சட்டம் இறுகிக்கொள்ளும். ஆள் இல்லாத நேரத்தில் மட்டும் அழகாக வேலை செய்யும் பொறி யாருக்கு வேண்டும்? மாட்டுக் கொழுப்பைத் தாராளமாகப் பூசினால் ஏறியவர்களின் எடையே சட்டத்தைக் கீழே தள்ளப் பார்க்கும். போதாததற்கு அதன் கீழ்முனையில் கயிறு கட்டி, கப்பி வழியாக 100 கிலோ கல் ஒன்றைக் குழிக்குள் தொங்கவிடுங்கள்.

இனி சட்டத்தை இழுப்பது பிரச்சினையே இல்லை, பிடித்து நிறுத்துவதுதான் வேலை. அதற்கான பாகம் அந்தக் காலத்திலேயே ஒவ்வொரு ஆயுதக் கிடங்கிலும் இருந்தது: குறுக்குவில்லின் உருளை. மான்கொம்பில் கடைந்த சிறு உருளை முறுக்கேறிய நாணைப் பிடித்திருக்கும். அதை ஒரு நெம்புகோல் தடுத்து நிற்கும். விரலால் அழுத்தினால் போதும், அத்தனை இழுவிசையும் விடுபடும். இதையே பெரிதாக இரும்பில் செய்து, நெம்புகோலின் மறுமுனையை ஏழாவது படியின் அடியில் வையுங்கள்.

பிரபுவும் தினமும் ஏறி இறங்க வேண்டுமே! மேல்தளத்தில் ஒரு பாதுகாப்பு முளை இருக்கட்டும். இரவில் உருவி, காலையில் செருகும் பொறுப்பு ஒரு வேலைக்காரனுடையது. அவன் மறந்துபோன ஒரு காலை வேளையிலேயே தனிக்கதை இருக்கிறது. பொறி ஒருமுறைதான் வேலை செய்யும். திரும்ப அமைக்க, அடியில் இருவர் நின்று பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடிக்க, மூன்றாமவர் சட்டத்தை உருளைச் சக்கரத்தால் மேலேற்ற வேண்டும்.

துப்புகளையும் நேர்மையாகக் கொடுங்கள். கல்கோட்டையில் திடீரென மரப்படி, கொழுப்பு வாடை, சுவரோரம் நேராக ஓடும் இடுக்கு, ஏழாவது படி மட்டும் அதிகம் தேயாமல் இருப்பது. பாதுகாப்பு முளை இருந்தாலும் வீட்டுக்காரர்கள் அதைத் தாண்டித்தானே போவார்கள்? இவற்றைக் கவனித்தும் உங்கள் நண்பர்கள் மிதித்தால் அது அவர்கள் பாடு.

மாதிரி செய்து பார்க்க ஆசைப்பட்டால் ஐஸ்கிரீம் குச்சியும் நூலும் போதும். ஆள் ஏறும் அளவில் மட்டும் தயவுசெய்து கட்டிப் பார்க்காதீர்கள்.