கடல் இல்லாத ஊரில் ஒரு படகு மோட்டார்



பூந்தமல்லியில் நீயும் நண்பர்களும் சேர்ந்து ரப்பர் படகும் பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாரும் வாங்கியதாக அண்ணன் சொன்னார். கடலே இல்லாத பக்கம் படகு எதற்கு என்று சிலர் கேட்டிருப்பார்கள். 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் இறங்கியது. 2023 மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளேயே வெள்ளம் நின்றது. இரண்டு முறையும் மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றி நகரத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

மீனவர் மோட்டார் தினமும் ஓடுகிறது. உன்னுடையது வருடத்தில் பதினொரு மாதம் ஷெட்டில் கிடக்கும். ஓடித் தேய்வது ஒரு கேடு என்றால், ஓடாமல் கிடப்பது இன்னொரு கேடு. அந்த இரண்டாவது கேட்டுக்கு முதலில் பலியாவது தண்ணீர் பம்ப்.

இந்த மோட்டாருக்கு ரேடியேட்டர் கிடையாது. ஆற்றுத் தண்ணீரையே கீழே உறிஞ்சி, மேலே சிலிண்டரைச் சுற்றவிட்டு, வெளியே தள்ளிவிடும். பம்ப் இருப்பது தண்ணீருக்குள் நீளும் காலின் அடிப்பகுதியில், கியர் பெட்டிக்கு மேலே. ஒரு வட்டக் கிண்ணம். அதற்குள் நடுவில் இல்லாமல் ஓரமாகத் தள்ளி உட்கார்ந்த ரப்பர் இம்பெல்லர், பெரும்பாலும் ஆறு இதழ். குறுகலான பக்கம் வரும்போது இதழ் மடங்கும், அகலமான பக்கம் போனால் நிமிரும். அந்த மடங்கலும் நிமிர்தலும்தான் தண்ணீரை ஏற்றுகின்றன. மோட்டார் நின்றுவிட்டாலும் குறுகலான பக்கத்து இதழ்கள் மடங்கியபடியேதான் இருக்கும். மாதக்கணக்கில் மூட்டைக்கு அடியில் கிடந்த ரப்பர் செருப்பு அந்த வளைவிலேயே நின்றுவிடுகிறதே, அதே கதைதான். அதனால் புத்தகத்தில் போட்டிருக்கும் மணிக்கணக்கு உனக்கு உதவாது. ஓட்டினாயோ இல்லையோ, ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசியிலேயே இம்பெல்லரை மாற்றிவிடு.

மோட்டார் ஓடும்போது பின்னால் சின்னத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்ச வேண்டும். வரவில்லை என்றதும் ஸ்பேனரைத் தூக்காதே. முதலில் அந்தத் துளையில் மெல்லிய கம்பியை விட்டுப் பார். சும்மா கிடக்கும் துளையில் குளவி மண் வைத்திருக்கும். கீழே உறிஞ்சும் சல்லடையில் ஆகாயத்தாமரை வேர் சுற்றியிருக்கிறதா என்றும் பார். இரண்டும் சரி என்றால் காலைப் பிரிக்கலாம்.

ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பழைய மோட்டாரில் போல்ட் இறுகியிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே விட்டு வை, பலம் காட்டாதே. அலுமினியத்தில் போல்ட் தலை முறிந்தால் வேலை லேத் பட்டறைக்குப் போய்விடும். எல்லா போல்ட்டையும் எடுத்த பிறகும் கால் இறங்கவில்லையா? சில மாடல்களில் புரொப்பல்லருக்கு மேலே உள்ள வால் தகட்டுக்கு அடியில் ஒரு போல்ட் ஒளிந்திருக்கும். தகட்டைக் கழற்றும் முன் அது நின்ற கோணத்தை மார்க்கரால் கோடு போட்டுக்கொள். கியர் கம்பி இணைப்பையும் விடுவிக்க வேண்டும். அப்போது கியர் எந்த நிலையில் இருந்தது என்று குறித்து வை.

பழைய இம்பெல்லரில் இதழ் ஒன்று குறைந்தால் அந்தத் துண்டைக் கண்டுபிடிக்காமல் மூடாதே. அது குழாய் வழியாக மேலே போய் தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால் அடைத்துக்கொண்டிருக்கும். கிண்ணத்தையும் அடித்தகட்டையும் நகத்தால் தடவு. நகம் பள்ளத்தில் மாட்டினால் அவற்றையும் மாற்றிவிடு. கேஸ்கெட், ஓ ரிங் எப்போதும் புதிது. அம்பத்தூர்ப் பட்டறைகளில் எந்த ரப்பரையும் அச்சில் வார்த்துத் தருவார்கள் என்று உனக்கு யோசனை சொல்வார்கள். இம்பெல்லருக்கு மட்டும் அது வேண்டாம். ரப்பரின் கெட்டித்தனம் மாறினால் தண்ணீர் சரியாக ஏறாது. மாடல் எண்ணைச் சொல்லி, கம்பெனி கிட் வாங்கு.

புது இம்பெல்லருக்குச் சோப்புத் தண்ணீர் போதும். எஞ்சின் கிரீஸ் சில ரப்பரை ஊதவைக்கும். இம்பெல்லரை ஷாஃப்டோடு பூட்டும் கீயை அதன் இடத்தில் வைத்து, ஷாஃப்டை மோட்டார் சுற்றும் திசையிலேயே, பெரும்பாலும் மேலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றாக, திருப்பிக்கொண்டே கிண்ணத்தை அமுக்கு. எல்லா இதழும் ஒரே பக்கம் படுக்க வேண்டும். மூடிய பிறகு எதிர்த்திசையில் திருப்பாதே.

காலை மேலே ஏற்றுவதுதான் பொறுமை கேட்கும் வேலை. ஷாஃப்டின் பல் பக்கவாட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவு, நுனியில் தடவாதே. நுனியில் தேங்கும் கிரீஸ் ஷாஃப்டை முழுதாக உட்கார விடாது. தண்ணீர் குழாய் பம்பின் ரப்பர் வாய்க்குள் போக வேண்டும். டார்ச் அடித்து ஒருவர் பார்க்கட்டும், ஒருவர் தூக்கட்டும். பல் சேரவில்லை என்றால் ஃப்ளைவீலை லேசாக, சுற்றும் திசையிலேயே நகர்த்து. போல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்க்கப் பார்ப்பது கேஸிங்கை உடைக்கிற வழி.

பிறகு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, பம்ப் முழுதாக முங்கிய பிறகே ஸ்டார்ட் செய். உலர்வாக ஒரு நிமிடம்கூட ஓட்டாதே. புது இம்பெல்லர் கருகிவிடும். புரொப்பல்லரைக் கழற்றி வைத்துவிட்டு நியூட்ரலில் ஓட்டுவது நல்லது. கால் கையில் இருந்தபோதே கியர் ஆயிலையும் பார்த்திருப்பாய். பால் நிறமாக இருந்தால் சீல் போயிருக்கிறது, அதையும் மழைக்கு முன்பே முடித்துவிடு.

வெள்ளத்தில் ஓட்டித் திரும்பிய அன்றே அதே டிரம்மில் நல்ல தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஓடவிடு. சேறு காய்ந்தால் குழாயில் கல்லாக நிற்கும். கிட்டை ஆர்டர் செய்யும்போது இரண்டாகச் செய்; ஒன்று படகிலேயே, ஸ்பேனர்களோடு ஒரு டப்பாவில் இருக்கட்டும்.

அன்புடன்,
உன் சித்தப்பா