சித்திரையில் காட்டு உள்ளி: வளவைச் சுற்றிப் பார்த்த பிறகு கத்தியை எடுங்கள்

சித்திரை பிறந்துவிட்டது. இங்கிலாந்தின் ஈரமான காட்டோரங்களில் இப்போது நடந்தால், செடி கண்ணில் படுமுன்னே உள்ளி வாசம் வந்துவிடும். ‘வைல்ட் கார்லிக்’, ‘ராம்சன்ஸ்’ என்று இங்குள்ளவர்கள் சொல்லும் செடி அது. 1753இல் லின்னேயஸ் அதற்கு வைத்த பெயர் அல்லியம் உர்சினம், அதாவது கரடிப் பூண்டு. ஜெர்மன்காரர்களும் கரடியைச் சேர்த்தே அதை அழைக்கிறார்கள். நான் காட்டு உள்ளி என்றே எழுதுகிறேன். மாசியில் தலைகாட்டும் இலை, சித்திரையில் கையகலத்துக்கு விரிந்து, வைகாசியில் வெள்ளைப் பூவோடு நின்று, ஆனி கடைசிக்குள் மண்ணோடு மறைந்துவிடும். நடுவதற்கும் பறிப்பதற்கும் அடுத்த ஐந்தாறு கிழமைகள்தான் காலம்.

இரண்டுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இந்தச் சனி, ஞாயிறில் உங்கள் வளவின் நிழல் மூலைகளை ஒருமுறை குனிந்து பாருங்கள். உள்ளிபோலத் தோன்றும் நஞ்சுச் செடிகளால் காட்டில் பறித்தால்தான் ஆபத்து, வீட்டில் வளர்த்தால் பயமில்லை என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் நாம் வாங்கிய வீடுகளில் முன்பு இருந்தவர்கள் வைத்த செடிகள் இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றன. அவற்றில் மிகவும் விரும்பி வைக்கப்பட்ட ஒன்று ‘லில்லி ஆஃப் த வேலி’. காட்டு உள்ளி கேட்கிற அதே நிழலையும் ஈரத்தையும் அதுவும் கேட்கும். அதுவும் இதே சித்திரையில்தான் இலை விடும். நிலத்தடித் தண்டால் ஓடி ஓடிப் பரவி, நீங்கள் ஆசையாக வைத்த உள்ளிப் பாத்திக்குள் சத்தமில்லாமல் நுழைந்துவிடும். நம்மூர் அலரியில் இருக்கும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு வகை இதன் இலை, பூ, காய் எல்லாவற்றிலும் இருக்கிறது.

அடையாளம் இதுதான். காட்டு உள்ளியின் ஒவ்வொரு இலையும் தனித்தனிக் காம்போடு மண்ணிலிருந்து எழும். மெல்லியது, தொட்டால் துவளும், அடிப்பக்கம் பளபளப்பு இருக்காது. லில்லியில் இரண்டு இலைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு ஒரே தண்டில் ஏறும். இலை சற்று விறைப்பாக இருக்கும். மண்ணைக் கிளறினால் உள்ளிக்குக் கீழே வெள்ளையாய் ஒல்லியான குமிழ் இருக்கும். லில்லிக்குக் கிடையாக ஓடும் வேர்த்தண்டுதான்.

அதைவிடக் கொடியது ‘ஆட்டம் குரோகஸ்’ என்கிற கொல்கிகம். பூப்பது இலையுதிர் காலத்தில், இலை விடுவது வசந்தத்தில். காம்பே இல்லாமல், தடித்த பளபளப்பான இலைகள் ஒரே அடியிலிருந்து கூட்டமாக வரும். கார்த்திகைப் பூவை நமக்குத் தெரியும். அதன் கிழங்கைத் தொட்ட கையைக் கழுவச் சொல்லித்தான் ஊரில் வளர்த்தார்கள். அந்தக் கிழங்கில் இருக்கும் கொல்சிசின் என்ற நஞ்சுக்குப் பெயர் கொடுத்ததே இந்தக் கொல்கிகம்தான். காட்டு உள்ளி என்று எண்ணி இதைச் சமைத்துத் தின்று இறந்தவர்களின் விவரங்கள் ஐரோப்பிய மருத்துவ ஏடுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. சமைத்தாலும் இந்த நஞ்சு போகாது. சில மணி நேரம் கழித்தே வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். அப்படிப் படுக்காதீர்கள். சந்தேகம் வந்த நிமிடமே 999ஐ அழையுங்கள். மிச்சமிருக்கும் இலையையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

மூன்றாவது, ‘லார்ட்ஸ் அண்ட் லேடீஸ்’. சேம்பு, கருணை குடும்பத்துச் செடி. முற்றிய இலை அம்பு முனைபோல இருப்பதால் தப்பாது. குருத்தாக இருக்கும்போதுதான் உள்ளியோடு கலந்து நின்று ஏமாற்றும். உள்ளியின் நரம்புகள் காம்பிலிருந்து நுனிவரை ஒரே பக்கமாக ஓடும், இதன் நரம்புகள் வலைபோலப் பின்னியிருக்கும். வேகாத கருணை வாயை அரிப்பதுபோல, அதைவிடப் பலமடங்கு கடுமையாக, இது தொண்டையை எரித்து வீங்கவைக்கும்.

‘கசக்கி மணந்து பார், உள்ளி மணத்தால் எடு’ என்று எல்லோரும் சொல்வார்கள். முதல் இலைக்கு அது சரி. நாலு இலை பறித்ததும் கையே மணக்கத் தொடங்கிவிடும். அதன்பிறகு எந்த இலையைக் கசக்கினாலும் உள்ளிதான் மணக்கும். ஆகவே மூக்கை நம்பாமல் கண்ணை நம்புங்கள். நாம் கீரையைக் கொத்தாகப் பிடித்து அடியோடு அறுக்கப் பழகியவர்கள். அந்தப் பழக்கம் இந்தப் பாத்தியில் வேண்டாம். ஒவ்வோர் இலையாகக் காம்பைப் பார்த்துக் கிள்ளுங்கள். வீட்டுக்குள் வந்ததும், அம்மா முறத்தில் பரப்பிக் கீரை ஆய்ந்ததுபோல, ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி இன்னொரு முறை ஆய்ந்துவிட்டுக் கழுவுங்கள்.

இனி நடவு. வெங்காயத்துக்கும் வெள்ளைப்பூண்டுக்கும் இருப்பதுபோல இந்தக் குமிழுக்குக் காய்ந்த தோல் போர்வை கிடையாது. அதனால் உலர்ந்த குமிழாக வாங்கினால் பாதி வழியிலேயே வாடிவிடும். இலையோடு நிற்கும் செடியைத் தொட்டியில் வாங்கி, பூக்கும் காலத்திலோ பூ முடிந்த கையோடோ வைப்பதுதான் நல்லது. பெயர் அட்டை வைத்து விற்கும் நாற்றுப் பண்ணையில் வாங்குங்கள். நடைபாதையோரக் காட்டில் நிறைய இருக்கிறதே என்று பிடுங்கி வராதீர்கள். நிலத்துக்காரர் அனுமதியில்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டப்படி குற்றம்.

வீட்டின் வடக்கு வேலியோரம், ஆப்பிள் மரத்தடி போன்ற இடம் உகந்தது. மரம் இலை விடுமுன் வெளிச்சம் கிடைக்க வேண்டும், விட்டபின் நிழல் விழ வேண்டும். இலைமட்கு ஒரு கூடை கலந்து, தொட்டியில் இருந்த அதே ஆழத்தில், ஒரு சாண் இடைவெளியில் வையுங்கள். சித்திரை, வைகாசியில் மழை பொய்த்தால் தண்ணீர் ஊற்றுங்கள். உரம் எதுவும் தேவைப்படாது. முதல் வருடம் ஓர் இலையும் பறிக்காமல் விட்டால் அடுத்த வருடம் அது உங்களைக் கைவிடாது. பிறகும் ஒரு செடிக்கு ஓர் இலை, மிஞ்சினால் இரண்டு. ஆனியில் மஞ்சளித்துச் சாயும்போது அழகில்லை என்று வெட்டாதீர்கள். குமிழ் சாப்பிடுவது அந்த இலை வழியாகத்தான்.

பிடித்துக்கொண்டால் காட்டு உள்ளி அடங்காது. சிறிய வளவென்றால் அகலமான தொட்டியில் வைப்பதே என் யோசனை. நிலத்தில்தான் வேண்டுமென்றால், பூ உதிர்ந்து பச்சைக் காய் கட்டியதும் தலையைக் கிள்ளிவிடுங்கள். கறுப்பு விதை கொட்டிவிட்டால் பிறகு பிடுங்கியே மாளாது. விதை போட்டு வளர்க்க விரும்புகிறவர்கள் உதிர்ந்த கையோடு விதைக்க வேண்டும். ஒரு குளிர்காலமாவது கடந்தால்தான் முளைக்கும், சிலது இரண்டாவது குளிருக்கும் காத்திருக்கும். ஊரில் விதை கேட்கிற உறவுகளுக்கும் இதுவே பதில்: யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ அந்தக் குளிர் இல்லை.

வளவில் நீங்கள் காணும் செடியின் இலை அகலமாக இல்லாமல் புல்போல ஒடுங்கி, தண்டு மூன்று பட்டையாக இருந்து, பூ இதழில் பச்சைக் கோடோடு மணிபோலத் தொங்கினால் அது ‘த்ரீ கார்னர்ட் லீக்’. தின்னலாம். ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதைக் காட்டில் நடுவதும் பரவவிடுவதும் குற்றம். பிடுங்கிய குமிழ்களை ஆற்றோரத்தில் கொட்டிவிடாதீர்கள்.

இனிச் சமையல், அதற்காகத்தானே இத்தனை பாடு! பூ விரிவதற்கு முந்தின இலைதான் ருசி. வல்லாரைச் சம்பல் போடுவதுபோலவே போடுங்கள்: இலையைச் சுருட்டி நூலாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, கடைசியில் தேசிப்புளி. அடுப்பே வேண்டாம். பருப்பில் சேர்ப்பதென்றால் சட்டியை இறக்கியபின் தூவுங்கள், கொதித்தால் வாசம் ஓடிவிடும். காயவைத்தும் பயனில்லை. அரைத்து ஐஸ் தட்டில் உறையவைத்தால் குளிர்காலத்துக்கு இருக்கும். எண்ணெயில் போட்டு அலமாரியில் வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரும், அது வளர்ந்தது மணத்திலும் ருசியிலும் தெரியாது. குளிர்ப்பெட்டியில் வைத்து ஒரு கிழமைக்குள் முடித்துவிடுங்கள்.

வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் பாத்தியைச் சுற்றிக் கம்பி வலை கட்டுங்கள். வெங்காயம்போலவே இதுவும் அவற்றின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.