பாப்பாவுக்கு ஒரு செடி



முழு ஆண்டுப் பரீட்சை முடிந்தால் லீவு. நம்ம ஊரில் பல வீட்டில் அப்பா அம்மா தறிக்கும் மில்லுக்கும் போய்விடுவார்கள். தம்பி பாப்பாவைப் பார்த்துக்கொள்வது நம்ம வேலை. "வெயில்ல போகாத கண்ணு" என்று சொல்லி டி.வி. முன்னால் உட்கார வைத்துவிடுகிறோம். நாள் முழுக்க அப்படியே இருந்தால் அதுங்க பாவம் அல்லவா? அதற்குப் பதில் சின்னத் தோட்டம் போடலாம்.

கே.ஜி. என்றால் என்ன?

எல்.கே.ஜி.யில் வரும் கே.ஜி. என்பது 'கிண்டர்கார்டன்'. இது ஜெர்மன் சொல். பொருள், குழந்தைகள் தோட்டம். ஃபுரோபல் என்ற ஜெர்மன் ஆசிரியர் 1837-ல் சிறு பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, 1840-ல் இந்தப் பெயரை வைத்தார். அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பாத்தி உண்டு. இத்தாலி நாட்டு டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தார். 1942 முதல் 1944 வரை நம் கொடைக்கானலில் தங்கி, குழந்தைகளைச் செடி கொடி, பூச்சிகளோடு பழகவிட்டுப் பாடம் நடத்தினார்.

என்ன விதைக்கலாம்?

சின்னப் பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்காது. அதனால் சீக்கிரம் முளைப்பதாகப் போட வேண்டும்.

1. தட்டப்பயறு, சோளம்: இரவு ஊற வைத்து, அடியில் ஓட்டை போட்ட கொட்டாங்குச்சியில் பக்கத்தில் பக்கத்தில் ஊன்றுங்கள். நாலைந்து நாளில் முளைக்கும். பயறு இரண்டு பருப்பாகப் பிரிந்து மேலே வரும். சோளம் ஒற்றை இலையாக வரும். நாம் படித்த இருவித்திலை, ஒருவித்திலை இதுதான். பாப்பாவே எண்ணிச் சொல்லும்.

2. தண்டுக்கீரை: ஒரு மாதத்திற்குள் பறித்துக் கடையலாம்.

3. வெண்டை: சுமார் 45 நாளில் காய்க்கத் தொடங்கும். பள்ளி திறப்பதற்குள் பொரியல் ரெடி!

தண்ணீருக்கு என்ன செய்வது?

கோடையில் குடிக்கவே தண்ணீர் பார்த்துப் பார்த்துச் செலவு செய்கிறோம். அரிசி, காய் கழுவிய தண்ணீரை ஊற்றினால் போதும். சோப்புத் தண்ணீர் வேண்டாம். செடியைச் சுற்றிக் காய்ந்த இலை, தேங்காய் நார் போட்டு மூடாக்கு வைத்தால் ஈரம் சீக்கிரம் காயாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 5 மணிக்கு மேலும் வெளியே வந்தால் போதும்.

என்ன பார்க்கலாம்?

பங்குனி, சித்திரையில் வேம்பு பூக்கும். தேனீ வருவதைக் காட்டுங்கள். கறிவேப்பிலை, எலுமிச்சை இலையைத் திருப்பிப் பாருங்கள். குருவி எச்சம் மாதிரி ஒட்டியிருப்பது வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர்ந்ததும் பச்சையாக மாறும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பு நீட்டி வாசனை விடும். கூட்டுப்புழு ஆனபின் சுமார் பத்து நாளில் பூச்சி பறந்து போகும்.

கவனம்!

* அரளி, ஊமத்தை, செங்காந்தள் எல்லாம் விஷம். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது.
* பூச்சி மருந்து டப்பாவில் செடி வைக்காதீர்கள்.
* தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியே விடாதீர்கள்.

முக்கியமான ஒன்று. பாப்பா பாதித் தண்ணீரைக் கீழே கொட்டும். விதையைத் தோண்டித் தோண்டிப் பார்க்கும். "கொண்டா, நான் ஊத்தறேன்" என்று பிடுங்காதீர்கள். நாம் ஊற்றினால் அது நம்ம செடி. பாப்பா ஊற்றினால்தான் பாப்பாவின் செடி. ஒன்று பட்டுப்போனால் இன்னொரு பயறு ஊன்றலாம், பத்துப் பைசா செலவில்லை.

ஜூனில் பள்ளி திறக்கும்போது ஆளுக்கு ஒரு கை விதை கொண்டு வாருங்கள். மாற்றிக்கொள்வோம். அடுத்து ஆடிப்பட்டம் வருகிறதே!

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி